கல்லுக்குள் ஆரக்கால்

என் மேசைமேல் இரண்டு கூழாங்கற்கள் இருக்கின்றன. இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் கோழிமுட்டை அளவு. அமெரிக்காவில் வேலை பார்க்கும் தங்கை மகன் மிச்சிகன் ஏரிக்கரையில் பொறுக்கிக் கொண்டுவந்தவை. "ரெண்டுமே பவளம்னு சொன்னாங்க மாமா. ஒண்ணு பெட்டோஸ்கி கல்லாம், இன்னொண்ணு ஷார்லவாய் கல்லாம். எடுத்தப்ப எழுதி வெச்ச சீட்டு தொலைஞ்சுபோச்சு. இப்ப எது எதுன்னு எனக்கே தெரியல" என்றான். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவரச் சொன்னேன்.

முதல் கல்லை முக்கி எடுத்ததும் அதன்மேல் ஒரு வலை எழுந்தது. ஐந்து, ஆறு, சில இடங்களில் ஏழு பக்கங்கள் கொண்ட கட்டங்கள். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் அகலம். கட்டத்தின் நடுவில் கரும்புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து மாட்டுவண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்போல மெல்லிய கோடுகள் சுவர்வரை ஓடின. இரண்டாவது கல்லை நனைத்தோம். அதிலும் கட்டங்கள்தாம், ஆனால் கடுகைவிடச் சற்றே பெரியவை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுவர் இருக்கிறது, சுவருக்குள் கோடு இல்லை.

முதலாவது பெட்டோஸ்கி, இரண்டாவது ஷார்லவாய். சீட்டு தொலைந்ததால் நட்டமில்லை. ஆனால் இந்தச் சின்ன வேறுபாடு, கட்டத்துக்குள் கோடு உண்டா இல்லையா என்பது, பவளங்களின் இரண்டு பெரிய வம்சங்களைப் பிரிக்கும் கோடு. மிச்சிகனில் ஒரே கரையில் அடுத்தடுத்துக் கிடக்கும் இந்த இரண்டு கற்களுக்கும் இடையே உள்ள உறவு நாய்க்கும் பூனைக்கும் உள்ளதைவிடத் தூரம். எப்படி என்று பார்க்கும் முன், பவளம் கல்லாவது எப்படி என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நகைக்கடையில் விற்கும் செம்பவளத்தை இங்கே மறந்துவிட வேண்டும். அது வேறு குடும்பம். நாம் பேசுவது கடலடியில் பாறை கட்டும் கல் பவளத்தைப் பற்றி. கட்டுகிற உயிர் மிக எளியது: ஒரு மெத்தென்ற பை, மேலே ஒரு வாய், வாயைச் சுற்றிக் கைகள். பாலிப் என்று பெயர். இது தன் உடம்புக்குக் கீழேயும் ஓரத்திலும் சுண்ணத்தைச் சுரந்து ஒரு கிண்ணம் செய்துகொள்கிறது. கிண்ணம் நிறைய நிறைய, உயிர் மேலே ஏறி உட்கார்ந்து, காலுக்குக் கீழே புதிதாக ஒரு தளம் போடுகிறது. காலியான கீழறையை மூடிவிட்டு மேல்மாடிக்குக் குடிபோவது போல. உயிர் இருப்பது எப்போதும் கடைசி மாடியில் மட்டும். அதற்குக் கீழே உள்ளதெல்லாம் அது விட்டுவந்த வீடுகள். நமக்குக் கிடைப்பவை அந்த வீடுகள்தாம்.

வீட்டுக்குள் மூன்று வகைத் தடுப்புகள் இருக்கலாம். சுவரிலிருந்து நடுவை நோக்கி நீளும் செங்குத்துத் தகடுகள் ஒன்று. அவற்றை ஆரக்கால் என்றே சொல்லப்போகிறேன். குழலுக்குக் குறுக்கே கிடைமட்டமாகப் போட்ட தளங்கள் இரண்டாவது. சுவரோரம் சோப்பு நுரைபோல வளைந்து வளைந்து அடுக்கிய சிறு தகடுகள் மூன்றாவது. இந்த மூன்றில் எது மிகுந்திருக்கிறது, எது இல்லை, எது எந்த ஒழுங்கில் முளைக்கிறது என்பதைப் பார்த்துத்தான் புதைபடிவப் பவளங்களைப் பிரிக்கிறார்கள்.

வெளி உருவம் இதற்கு உதவாது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கையில் கல்லை எடுக்கும் எவரும் முதலில் பார்ப்பது உருவத்தைத்தான். ஒரே இனப் பவளம் அலை மோதும் இடத்தில் தடித்த கட்டியாகவும், அமைதியான நீரில் கிளைத்தும், வெளிச்சம் குறைந்த ஆழத்தில் தட்டுப்போல விரிந்தும் வளரும். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. ஜெர்மனியின் ஐஃபெல் மலைப்பகுதியில் கிடைக்கும் கால்சியோலா என்ற படிவம் செருப்பின் முன்பாகம் போலத் தட்டையாக, மேலே ஒரு மூடியோடு இருக்கும். மூடியைக் கண்டு நெடுங்காலம் அதை இரட்டை ஓட்டு உயிரி என்றே எழுதிவந்தார்கள். உள்ளே பார்த்த பிறகுதான் அது மூடி போட்டுக்கொண்ட பவளம் என்று தெரிந்தது. ஆகவே கல்லின் தோலைப் பார்க்காதீர்கள், குறுக்குவெட்டைப் பாருங்கள். வெட்ட வழியில்லையென்றால், ஆறோ ஏரியோ ஏற்கெனவே தேய்த்துக் கொடுத்திருக்கும் முகத்தை நனைத்துப் பாருங்கள்.

பெட்டோஸ்கி கல்லுக்கு வருவோம். அதன் அறிவியல் பெயர் ஹெக்ஸகனேரியா பெர்காரினேட்டா. முதல் சொல் அறுகோணத்தைக் குறிக்கிறது. இரண்டாவது, ஆரக்காலின் பக்கங்களில் ஓடும் நுண்ணிய முகடுகளைக் குறிக்கிறது. ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன், டெவோனியன் காலத்தில், இன்றைய மிச்சிகன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒரு வெதுவெதுப்பான ஆழமற்ற கடலின் அடியில் கிடந்தது. அங்கே இந்தப் பவளம் கூட்டமாக வளர்ந்து, மண்ணில் புதைந்து, பாறையானது. பிறகு பனியுகத்தில் பெரும் பனியாறுகள் அந்தப் பாறையைப் பெயர்த்து, உருட்டி, மாநிலத்தின் வடபகுதி முழுக்க இறைத்துவிட்டுப் போயின. ஏரி அலைகள் மீதியைத் தேய்த்தன. பெட்டோஸ்கி என்பது ஏரிக்கரையில் உள்ள ஊர். ஒடாவா பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயரால் வந்தது. 1965இல் இந்தக் கல்லை மிச்சிகன் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது.

காய்ந்த நிலையில் இது சாதாரணச் சுண்ணாம்புக் கல். அதனால் தேடுபவர்கள் மழைக்குப் பிறகோ, அலை நனைக்கும் விளிம்பிலோ குனிந்து நடக்கிறார்கள். சுண்ணாம்பு மென்மையானது என்பதால் இயந்திரம் வேண்டாம். உப்புத்தாளை முரட்டிலிருந்து நைசு வரை மாற்றி மாற்றிக் கையாலேயே தேய்த்துப் பளபளப்பாக்கலாம். பொதுநிலத்தில் ஓர் ஆள் ஆண்டுக்கு 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோவுக்கு மேல் எடுக்கக்கூடாது என்று அங்கே சட்டம். ஒருவர் 93 பவுண்டுள்ள ஒற்றைக் கல்லை ஏரியிலிருந்து எடுத்து வந்தபோது, 2015இல் இயற்கைவளத் துறை அதைப் பறிமுதல் செய்து பொதுமக்கள் பார்க்க வைத்துவிட்டது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பனியாறு இனி ஒருமுறை வந்து கொட்டப்போவதில்லை.

பெட்டோஸ்கி கல் ரூகோசா என்ற வம்சத்தைச் சேர்ந்தது. ஷார்லவாய் கல் டாபுலேட்டா வம்சம். பாரிஸில் மில்ன்-எட்வர்ட்ஸ், எய்ம் என்ற இருவர் 1850இல் வைத்த பெயர்கள் இவை. ரூகோசா என்றால் சுருக்கம் விழுந்தவை. பல இனங்களின் வெளிச்சுவரில் வளையம் வளையமாகச் சுருக்கங்கள் இருப்பதால் அந்தப் பெயர். டாபுலேட்டா என்பது பலகை அடித்தவை என்று பொருள்படும். உள்ளே தளங்கள் பலகை அடுக்கியதுபோல இருப்பதால்.

ரூகோசாவின் எல்லா இனமும் கூட்டமாக வாழ்ந்ததில்லை. பெரும்பகுதி தனியாள்கள். ஒற்றை உயிர் ஒற்றைக் கிண்ணத்தில் வளர்ந்து, கீழே கூராகவும் மேலே அகலமாகவும் ஒரு மாட்டுக்கொம்பு போல ஆகிவிடும். கொம்புப் பவளம் என்று இவற்றைச் சொல்வார்கள். பார்க்க வேண்டுமென்றால் ஒஹையோ ஆறுதான் இடம். கென்டக்கியின் லூயிவில் நகருக்கு எதிர்க்கரையில், இண்டியானா பக்கம், ஆற்றுப்படுகையே ஒரு டெவோனியன் கடலடி. கோடை முடிந்து நீர் வடியும் மாதங்களில் பாறை வெளிப்படுகிறது. சுற்றியுள்ள சுண்ணாம்பைவிடப் பவளங்கள் கெட்டியாக இருப்பதால், நீர் பாறையை அரிக்க அரிக்கக் கொம்புகள் துருத்திக்கொண்டு நிற்கின்றன. முழங்கை நீளமுள்ளவையும் அவற்றில் உண்டு. ஒன்றையும் எடுக்கக்கூடாது, நனைத்துப் பார்க்கலாம். குழந்தைகளைக் கூட்டிவருபவர்கள் போத்தல் தண்ணீரைப் பாறைமேல் ஊற்றிக் காட்டுகிறார்கள்.

கொம்புப் பவளத்தின் வாயை மேலிருந்து பார்த்தால் ஆரக்கால்கள் சுற்றிலும் நிற்கும். பெரியது, சிறியது, பெரியது, சிறியது என்று மாறி மாறி. எண்ணினால் நாற்பது, ஐம்பது, அறுபது என்று ஏதோ ஒரு தொகை வரும். அந்தத் தொகையில் ஒரு சூத்திரமும் பிடிபடாது. ஆனால் உற்றுப் பார்த்தால் ஒரு பக்கம் சிறிய இடைவெளி தெரியும். அங்கே ஆரக்கால்கள் சற்று விலகி, ஒரு பள்ளம் விழுந்திருக்கும். முழு வட்டம்போலத் தோன்றுவது உண்மையில் வட்டமல்ல. நம் உடம்பைப்போல இடம் வலம் என்று இரு பாதி உடையது. இந்தப் பள்ளம் கண்ணில் பட்டால் கையில் இருப்பது ரூகோசா என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

பள்ளம் ஏன் வந்தது என்பதைப் பவளத்தின் பிள்ளைப்பருவத்தில்தான் தேட வேண்டும். நல்லவேளையாக, கொம்பின் நுனி அந்தப் பிள்ளைப்பருவத்தை அப்படியே வைத்திருக்கிறது. ஆய்வகத்தில் இதை எடுப்பது பொறுமை கேட்கும் வேலை. வைர ரம்பத்தால் நுனியைக் குறுக்கே அறுத்து, கண்ணாடித் தட்டில் நுண்பொடியும் நீரும் வைத்து மழமழவென்று தேய்க்க வேண்டும். பிறகு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடிகள். அமிலம் பட்டதும் சில பகுதி அதிகமாகவும் சில பகுதி குறைவாகவும் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் உண்டாகும். கழுவி உலர்த்தி, மேலே அசிட்டோன் ஊற்றி, உடனே ஓர் அசிடேட் தாளை உருட்டிப் படியவிட வேண்டும். தாளின் அடிப்பக்கம் இளகி அந்த மேடுபள்ளங்களுக்குள் இறங்கிக் காயும். உரித்தெடுத்தால், கல்லின் முகம் தாளில் அச்சாக வந்திருக்கும். கைரேகை எடுப்பது மாதிரி. பிறகு கல்லை இன்னும் அரை மில்லிமீட்டர் தேய்த்து, அடுத்த தாள். அதற்கடுத்த தாள். வரிசையாக வைத்துப் பார்க்கும்போது ஒரு பவளம் குழந்தையிலிருந்து வளர்வது படமாக ஓடுகிறது.

அந்த வரிசையில் முதலில் தெரிவது கிண்ணத்தை இரண்டாகப் பிரிக்கும் ஒரே ஒரு தகடு. அது பிரிந்து எதிரெதிரான இரண்டு ஆரக்கால் ஆகும். பிறகு பக்கங்களில் இரண்டு, அடுத்து இன்னும் இரண்டு. மொத்தம் ஆறு. இதுவரை எந்தத் தனித்தன்மையும் இல்லை. இதற்குப் பிறகுதான் ரூகோசா தன் வழியில் போகிறது. ஆறு ஆரக்காலுக்கு நடுவே ஆறு இடைவெளிகள் இருந்தாலும், புதிய பெரிய ஆரக்கால்கள் அவற்றில் நான்கில் மட்டும் முளைக்கும். மீதி இரண்டு அப்படியே விடப்படும். ஜெர்மானிய ஆய்வாளர் ஆல்பிரெக்ட் குந்த் 1869இல் இந்த ஒழுங்கைக் கண்டு எழுதினார். இதனால்தான் பழைய புத்தகங்களில் ரூகோசாவுக்கு நாற்கதிர்ப் பவளம் என்று பொருள்படும் பெயரைக் காணலாம். வளர்ந்த பவளத்தில் நான்கு மறைந்துவிடும். பள்ளம் மட்டும் மிஞ்சும்.

ரம்பமும் அமிலமும் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. நன்றாகப் பாதுகாக்கப்பட்ட கொம்பின் வெளிப்புறத்தில், நுனியிலிருந்து வாய்வரை ஓடும் நீளவரிகளைக் கவனியுங்கள். உள்ளே ஆரக்கால் உள்ள இடத்தில் வெளியே வரிப்பள்ளம் இருக்கும். பெரும்பாலான வரிகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஆனால் ஒரு பக்கத்தில் அவை நடுவரி ஒன்றிலிருந்து இரண்டு பக்கமும் சாய்ந்து பிரியும், தென்னங்கீற்றில் ஈர்க்குகள் மட்டையிலிருந்து பிரிவதுபோல. அந்தக் கீற்று புதிய ஆரக்கால்கள் முளைத்த தடம். கல்லை உடைக்காமலேயே குந்த் கண்டதை விரலால் தடவிப் பார்க்கலாம்.

குறுக்கே ஓடும் சுருக்கங்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. அடையாளம் காணும் வேலைக்கு அது தேவையில்லை, ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. நல்ல கொம்புகளில் பெரிய சுருக்கங்களுக்கு இடையே, தலைமுடியைவிட நுண்ணிய வரைகள் நெருக்கமாக இருக்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜான் வெல்ஸ், உயிருள்ள பவளங்களில் ஓராண்டு வளர்ச்சிக்குள் அத்தகைய வரைகள் 360 அளவில் இருப்பதைக் கண்டார். அப்படியானால் ஒரு வரை ஒரு நாள். பிறகு டெவோனியன் பவளங்களில் எண்ணினார். ஓராண்டுக்கு 385 முதல் 410 வரை வந்தது, சுமாராக 400. 1963இல் இதை வெளியிட்டார். நிலவின் ஈர்ப்பால் உண்டாகும் அலையேற்றம் பூமியின் சுழற்சியைச் சிறிது சிறிதாக மந்தப்படுத்துகிறது என்று வானியலாளர்கள் கணக்குப் போட்டுச் சொல்லிவந்தார்கள். அந்தக் கணக்குக்குக் கல்லில் சாட்சி கிடைத்தது. பெட்டோஸ்கி கல்லின் பாலிப்புகள் உயிரோடு இருந்தபோது ஆண்டுக்கு 400 நாள். ஒரு நாளுக்கு 22 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. சுருக்கம் விழுந்தவை என்று பெயர் வைத்தவர்களுக்கு அந்தச் சுருக்கத்துக்குள் நாட்காட்டி இருப்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போது இரண்டாவது கல். ஷார்லவாய் கல்லின் இனம் ஃபேவோசைட்டிஸ். லத்தீனில் தேன்கூட்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். டாபுலேட்டாக்களில் தனியாள் கிடையாது. எல்லாம் கூட்டுக்குடி, அறைகள் சின்னவை, ஆரக்கால் அறவே இல்லை அல்லது சுவரில் முள் முள்ளாகத் துருத்துவதோடு சரி. இவற்றின் அடையாளம் நீளவெட்டில்தான் முழுதாகத் தெரியும். கல்லைப் பக்கவாட்டில் திருப்பினால், நெருக்கமாக நிற்கும் குழல்கள். ஒவ்வொரு குழலிலும் ஏணிப்படி போலத் தளங்கள். ஃபேவோசைட்டிஸின் சுவர்களில் வரிசையாக நுண்துளைகளும் இருக்கும், அண்டை வீட்டோடு தொடர்பு வைத்துக்கொள்ள. சுவர் உடைந்த இடத்தில் லென்ஸ் வைத்தால் அவை ஊசிக்குத்துப் போலத் தெரியும்.

மற்ற டாபுலேட்டாக்களை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஹாலிசைட்டிஸ் சங்கிலிப் பவளம்: முட்டை வடிவக் குழல்கள் ஒன்றோடொன்று கைகோத்து, வளைந்து வளைந்து சங்கிலியாக ஓடும். ஸ்வீடனின் காட்லாந்து தீவில் நன்றாகக் கிடைக்கிறது. இது ஆர்டோவிசியன், சிலூரியன் காலங்களோடு முடிந்துபோனது; ஆகவே பாறையில் சங்கிலியைக் கண்டால் அந்தப் பாறை டெவோனியனுக்கு முந்தியது என்று உடனே சொல்லிவிடலாம். சிரிங்கோபோரா, தனித்தனிக் குழாய்கள் நடுநடுவே குறுக்குக் குழாயால் இணைந்த மாதிரி.

குழப்பம் வருவது ஃபேவோசைட்டிஸ் வகையில்தான். பிரயோசோவா என்ற வேறொரு கூட்டுயிரியும் இதேபோலத் துளைத் துளையாக வீடு கட்டும். துளையின் அளவுதான் அங்கே முதல் சோதனை. பிரயோசோவாவின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும், வெறுங்கண்ணுக்குத் துணியின் நெசவுபோலத் தெரியும். ஃபேவோசைட்டிஸின் துளையை வெறுங்கண்ணாலேயே எண்ணலாம். கடல் அல்லியின் தண்டுத் துண்டுகளையும் சிலர் பவளம் என்று எடுத்துவைப்பதுண்டு. வட்டத்தில் ஆரக்கோடுகள் இருப்பதால். ஆனால் அது காசுபோலத் தனி வில்லை, நடுவில் துளை இருக்கும்.

டாபுலேட்டாக்கள் உண்மையில் பவளமா, கடற்பஞ்சா என்றே ஒரு காலத்தில் சண்டை நடந்தது. ஆரக்கால் இல்லாத பவளத்தை நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் சந்தேகம் முழுக்கத் தவறும் அல்ல. டாபுலேட்டாவோடு சேர்த்து வைத்திருந்த கீட்டெடிட் என்ற கூட்டத்தில் பஞ்சுகளுக்கே உரிய நுண்முட்கள் கண்டுபிடிக்கப்பட்டு, அது பஞ்சுகளோடு போய்விட்டது. ஃபேவோசைட்டிஸுக்கும் அதே கதிதானா என்ற கேள்வி நின்றது. கனடாவின் ஆன்டிகோஸ்டி தீவிலிருந்து வந்த சிலூரியன் கற்களில் விடை இருந்தது. சில அறைகளில் பாலிப்பின் உடம்பே, சுண்ணமாகி, அச்சாக நின்றிருந்தது. பால் காப்பர் 1985இல் அதை வெளியிட்டார். பன்னிரண்டு கைகளும் எண்ணத்தக்க நிலையில் இருந்தன. மெத்தென்ற உடம்பு 43 கோடி ஆண்டு கல்லில் நிற்பது என்பது எத்தனை அரிது என்று யோசித்துப் பாருங்கள். எலும்பில்லாத, ஓடில்லாத, தண்ணீரும் தசையுமான ஒரு பை.

இந்த இரண்டு வம்சமும் ஒன்றாகவே முடிந்தன. 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் இறுதியில், கடல் உயிரினங்களில் மிகப் பெரும்பகுதி அழிந்த பேரழிவில் கடைசி ரூகோசாவும் கடைசி டாபுலேட்டாவும் போயின. அதற்குப் பிறகு ஒரு கோடி ஆண்டு அளவுக்குக் கல் பவளமே பாறைகளில் இல்லை. பிறகு திடீரென்று, டிரயாசிக் காலத்தின் நடுவில், புதிதாக ஒரு வம்சம் வந்து நிற்கிறது. ஸ்க்ளெராக்டீனியா. இன்று மன்னார் வளைகுடாவில் இருப்பதும், லட்சத்தீவைக் கட்டியதும், ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புத் திட்டும் எல்லாம் இந்த வம்சம்தான்.

இவர்கள் பழையவர்களின் பிள்ளைகள் இல்லை என்பதே பெரும்பாலோர் கருத்து. கல் கட்டாத, கடல் அனிமோன் போன்ற உடம்போடு பேரழிவைத் தாண்டிய ஏதோ ஓர் உயிர், நல்ல காலம் வந்ததும் கட்டத் தொடங்கியிருக்க வேண்டும். 2007இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் இன்றைய பவளங்கள் இரண்டை அமிலத்தன்மை கூடிய நீரில் வைத்துப் பார்த்தார்கள். சுண்ணக்கூடு கரைந்துபோனது; பாலிப்புகள் சாகவில்லை. மெத்தென்ற பைகளாக மாதக்கணக்கில் வாழ்ந்து, சாதாரண நீருக்குத் திரும்பியதும் மறுபடி வீடு கட்டின.

புதிய வம்சத்தை அடையாளம் காண மீண்டும் ஆரக்காலுக்கே போக வேண்டும். இங்கே ஆறு இடைவெளியிலும் புதியவை முளைக்கும், பாரபட்சம் இல்லாமல். முதலில் ஆறு, அவற்றின் நடுவே ஆறு, ஆகப் பன்னிரண்டு, நடுவே பன்னிரண்டு, ஆக 24, பிறகு 48. தனியாளாக வளரும் இனங்களில் இந்த அடுக்கு கோலம்போலத் துல்லியமாக இருக்கும்: நீளமான ஆறு, நடுத்தரமான ஆறு, குட்டையான பன்னிரண்டு. கூட்டுக்குடிகளில் நெருக்கடியால் எண்ணிக்கை கலையும். அங்கே ஆறின் பெருக்கு வரவில்லையே என்று மலைக்கக் கூடாது.

இன்னொரு வேறுபாடு கல்லின் பொருளிலேயே இருக்கிறது. பழைய இரு வம்சங்களும் கட்டியது கால்சைட்டால். ஸ்க்ளெராக்டீனியா கட்டுவது அரகோனைட்டால். இரண்டும் அதே சுண்ணம்தான், ஆனால் படிக அமைப்பு வேறு, அரகோனைட் நிலையில்லாதது. காலப்போக்கில் அது கரைந்து வெறும் அச்சுக்குழியாகும், அல்லது கால்சைட்டாக மாறி உள்நுட்பங்களை அழித்துக்கொள்ளும். அதனால் 38 கோடி ஆண்டு பெட்டோஸ்கி கல் நேற்று செதுக்கியதுபோல இருக்க, 11 கோடி ஆண்டுப் பவளம் சர்க்கரைக்கட்டி உடைந்ததுபோல மங்கிக் கிடக்கும். தெளிவாக இருப்பது புதியது என்று நினைத்தால் இங்கே தவறிவிடுவோம்.

அந்த 11 கோடி ஆண்டு என்ற எண்ணை நம் ஊருக்காகத்தான் சொன்னேன். திருச்சிக்கு வடகிழக்கே கல்லக்குடியில் சிமென்ட்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக் கல்லில் பவளமும் கடற்பாசியும் சேர்ந்து கட்டிய அடுக்குகள் இருக்கின்றன. டால்மியாபுரமா கல்லக்குடியா என்று 1953இல் போராட்டம் நடந்த அதே ஊர். நிலவியல் கட்டுரைகளில் இரண்டு பெயரும் இன்றும் புழங்குகின்றன. உட்டத்தூர், அரியலூர் வட்டாரங்களின் பவளங்களை முதலில் முறையாக விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய மொராவியாக்காரர். 1873இல் அந்த நூல் வந்தது. மறு ஆண்டே காரகோரம் மலைகளைக் கடந்து திரும்பும் வழியில் லடாக்கில் இறந்துபோனார்.

இந்த வட்டாரத்தில் கொம்பு வடிவில் ஏதாவது கிடைத்தால் அதைக் கொம்புப் பவளம் என்று எழுதிவிடக் கூடாது. கல்லக்குடிப் பவளங்கள் வளர்ந்த கடல் திருச்சிப் பக்கம் ஏறி வந்தபோது ரூகோசாக்கள் அழிந்து 14 கோடி ஆண்டு ஆகியிருந்தது. பாறையின் வயதே பாதி அடையாளத்தைச் சொல்லிவிடுகிறது. எங்கே எடுத்தது என்று தெரியாத படிவத்துக்கு அந்தப் பாதி கிடைக்காது.

இதையெல்லாம் சொன்ன பிறகு மருமகன் கையில் மூன்றாவதாக ஒரு கல்லைக் கொடுத்தேன். ராமேஸ்வரத்தில் இடித்துப்போட்டிருந்த பழைய மதில் ஒன்றிலிருந்து கேட்டு வாங்கிவந்த துண்டு. அந்தப் பக்கத்தில் அந்தக் காலத்து வீடுகளுக்கும் மதில்களுக்கும் பவளக்கல்லே செங்கல். முகம் முழுக்கக் கடுகளவு துளைகள், நெருக்கமாக. அவன் ஷார்லவாய் கல்லையும் அதையும் பக்கத்தில் வைத்தான்.

"இதுவும் ஃபேவோசைட்டிஸா மாமா?"

"தூக்கிப் பாரு."

ராமேஸ்வரம் கல் பஞ்சுபோல லேசாக இருந்தது. அதன் அறைகள் இன்னும் காலி. மிச்சிகன் கல்லின் அறைகளில் கால்சைட் புகுந்து அடைத்து 38 கோடி ஆண்டாகிறது. ஆனால் எடை மட்டும் போதாது, அது பாதுகாப்பைச் சொல்லுமே தவிர வம்சத்தைச் சொல்லாது. லென்ஸைக் கொடுத்தேன். கல்லைச் சன்னல் பக்கம் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். உதடு அசைந்தது.

"உள்ள கோடு இருக்கு. பன்னெண்டு."

அது போரைட்டிஸ். ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லாத கிண்ணத்துக்குள் பன்னிரண்டு ஆரக்கால், ஸ்க்ளெராக்டீனியா. பிறகு அவனாகவே ஷார்லவாய் கல்லைத் திருப்பி, ஓரம் சிலும்பியிருந்த இடத்தை நனைத்து, ஏணிப்படிகளைக் கண்டுபிடித்தான். மூன்று காகிதத் துண்டுகளில் பெயர் எழுதி ஒவ்வொரு கல்லுக்கும் கீழே வைத்தான். பெயருக்குக் கீழே இடம் எழுதச் சொன்னேன். ஷார்லவாய் கல்லுக்கு மட்டும், எந்தக் கரை என்று நினைவுபடுத்திக்கொள்ள, போனில் அன்றைக்கு எடுத்த படங்களைத் தேடிக்கொண்டிருந்தான்.